நிலவளம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

க.நா.சு. மொழிபெயர்ப்பில் நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சனின் ‘நிலவளம்’ நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். இங்கர் சிறைக்குப் போகும் இடத்தில் நிற்கிறேன். இடையில் ஹாம்சனைப் பற்றித் தேடியபோது, ஹிட்லருக்குப் புகழஞ்சலி எழுதியவர் என்று தெரிந்தது. அதற்கு மேல் ஒரு பக்கம் நகரவில்லை. அதற்கு முன்பும் வாசிப்பு மெதுவாகத்தான் போனது. இப்படிப்பட்டவரின் நாவலை எப்படி மதிப்பிடுவது? முடித்தே ஆக வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

‘அதற்கு முன்பும் மெதுவாகத்தான் போனது’ என்று நீங்கள் மறைக்காமல் எழுதியது பிடித்திருந்தது. அந்த நாவல் மெதுவானதுதான். நாயகன் ஐசக் மரம் வெட்டுகிறான், கல் பெயர்க்கிறான், கொட்டகை போடுகிறான், மறுபடியும் கல் பெயர்க்கிறான். நானும் ஒருமுறை பாதியில் வைத்துவிட்டேன். ஹாம்சனின் அரசியல் அப்போது எனக்குத் தெரியவே தெரியாது. வருடங்கள் கழித்து, நாளுக்கு ஒரு அத்தியாயம் என்று படித்தபோதுதான் அந்த நடை பிடிபட்டது. சலித்தால் மூடிவையுங்கள், தவறே இல்லை. ஆனால் சலிப்பின் பழியை ஹிட்லர் மேல் போட வேண்டாம்.

சரி, ஹாம்சன். 1920இல் நோபல் பரிசு பெற்றவர். 1943இல் அந்தப் பதக்கத்தை ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்கு அனுப்பிவைத்தார். 1945 மே மாதம், ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்து நார்வே விடுதலையாவதற்கு முந்தைய நாள், ஹிட்லரை மனிதகுலத்துக்கான போராளி என்று எழுதினார். முதுமையையும் காது கேளாமையையும் காரணம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. தெரிந்தேதான் எழுதினார்.

அந்தக் கறை நாவலுக்குள் இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். இருக்கிறது. சாமி என்ற பழங்குடி மக்கள் அதில் வரும் இடங்களைத் திருப்பிப் பாருங்கள். இரந்து திரிபவர்களாக, நம்பத்தகாதவர்களாக மட்டுமே வருகிறார்கள். ஐசக்கின் ஒவ்வொரு தசையசைவையும் பார்த்த கண், அவர்களைப் பார்க்கவே இல்லை. இதை நான் கலையின் தோல்வி என்றே சொல்வேன்.

ஆனால் ஐசக்கின் மனைவி இங்கரை எழுதியதும் அதே கைதான். பிளந்த உதட்டால் வாழ்நாளெல்லாம் அவமானப்பட்டவள், அதே உதட்டோடு பிறந்த தன் குழந்தையைக் கொல்கிறாள். ஹாம்சன் அவளுக்காக வாதாடவும் இல்லை, அவளைத் தூற்றவும் இல்லை. அப்படி ஒரு தாயின் பயத்தை வேறெங்கும் நான் அவ்வளவு நெருக்கத்தில் வாசித்ததில்லை. அவர் வாழ்க்கையில் செய்தது எதுவும் அந்தப் பக்கங்களைப் பொய்யாக்கவில்லை. அந்தப் பக்கங்களும் அவரைக் காப்பாற்றவில்லை.

மனம் ஒப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொடர்வதாக இருந்தால், இங்கர் சிறையிலிருந்து வீடு திரும்பும் பகுதி வரையாவது படியுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.