199 ரூபாய்க்கு ஆயிரம் பேட்டர்ன் கிடைச்சா வாங்கலாமா?

கேள்வி: தையல் கிளாஸ் முடிச்சுட்டு வீட்லயே தைக்கிறேன். ஃபார்முலா போட்டு வரைஞ்சா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருது. வாட்ஸ்அப்ல ஆயிரம் பேட்டர்ன் (துணி வெட்டறதுக்கான வரைபடம்) பிடிஎஃப் 199 ரூபாய்னு ஒருத்தர் அனுப்பியிருக்கார், கிளாஸ்ல 28-லேர்ந்து 44 வரைக்கும் இருக்கிற பிளவுஸ் அட்டை செட் 1,500-க்கு தராங்க. என்கிட்ட மொத்தமே ஆயிரம் ரூபாய்தான் இருக்கு. எதை வாங்கறது?

பதில்: ரெண்டையும் வாங்காதீங்கம்மா.

முதல்ல அந்த 199 ரூபாய் சமாச்சாரம். அது யாரோ உட்கார்ந்து வரைஞ்சு விக்கிற பேட்டர்னை திருடி ஒரே ஃபோல்டர்ல கொட்டி வச்சது. திருட்டுங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும், உங்களுக்கு அது உதவவே உதவாது. பாதி ஃபைல்ல தைக்கிற முறை இருக்காது, பாதி வெளிநாட்டு பத்திரிகையோட ஷீட்டா இருக்கும். அந்த ஷீட்ல அஞ்சாறு டிரஸ்ஸோட கோடு ஒண்ணு மேல ஒண்ணு ஓடும், புதுசா கத்துக்கிறவங்களால எது கை எது முன்பாகம்னு பிரிச்சு எடுக்கவே முடியாது. பணம் போட்டதும் அவர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். டவுன்லோட் பண்ற சாமானுக்கு ரிட்டர்னும் கிடையாது, ரீஃபண்டும் கிடையாது.

அதுலயும் பெரிய பொறி சைஸ் நம்பர். பர்தானு (Burda) ஒரு ஜெர்மன் தையல் பத்திரிகை இருக்கு, அதோட பேட்டர்ன்ல 38-னு போட்டிருந்தா நம்ம ஆளுங்க 38 இன்ச்னு நினைச்சு வெட்டிடறாங்க. அது ஐரோப்பா நம்பர், மார்பு 88 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தி நாலரை இன்ச்சுக்கு கொஞ்சம் மேல. சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ் மாதிரி அமெரிக்க பேட்டர்ன் கவர்ல 12-னு இருந்தா மார்பு 34 இன்ச். அதனால நம்பரை பாக்கவே பாக்காதீங்க, கூட இருக்கிற அளவு சார்ட்டை மட்டும் பாருங்க. அமெரிக்க பேட்டர்ன்ல தையலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சேர்த்தே இருக்கும், பர்தா பத்திரிகை பேட்டர்ன்ல பெரும்பாலும் சேர்த்திருக்காது, நீங்கதான் விடணும். ரெண்டுலயுமே நம்ம பிளவுஸ்ல சைடுல பிற்பாடு பிரிச்சு பெருசாக்கிக்கறதுக்குன்னு உள்ள விடற துணி கிடையவே கிடையாது.

இந்த நம்பர் குழப்பத்துக்கு நம்ம நாட்டுக்குன்னு பொதுவா புழங்கற ஒரு அளவு இல்லாததும் ஒரு காரணம். நிஃப்ட்ங்கிற மத்திய அரசு ஃபேஷன் கல்லூரி மூலமா ஆறு நகரத்துல 25,000 பேரோட உடம்பை ஸ்கேன் பண்ணி இண்டியாசைஸ்னு ஒரு அளவு சார்ட் கொண்டு வர்றதா திட்டம் போட்டாங்க. தெருவுல தைக்கிற நம்மகிட்ட அது எப்போ வந்து சேரப் போகுது? கிளாஸ்லயாவது சொல்லித் தரலாம், அங்க ஃபார்முலாவை மனப்பாடம் பண்ண வச்சு சர்டிபிகேட்டை கையில குடுத்து அனுப்பிடறாங்க, அதுக்கு மேல அட்டை செட் வேற விக்கிறாங்க. சொல்லித் தர வேண்டியதை ஒழுங்கா சொல்லித் தந்திருந்தா அந்த அட்டைக்கு வேலையே இல்லையே!

உங்களுக்குத்தான் தைக்கப் போறீங்கன்னா ஒன்பது சைஸ் அட்டை எதுக்கு? ஒண்ணே ஒண்ணு சில்லறையா தராங்கன்னா, உங்க உடம்புக்கு மேல் மார்பும் (அக்குள் ஒட்டி சுத்தி எடுக்கிறது) முழு மார்பும் ரெண்டு இன்ச் சுமாருக்குத்தான் வித்தியாசம்னா, வாங்கிக்கலாம், ஏன்னா பெரும்பாலும் அந்த கணக்குலதான் பேட்டர்ன் போடறாங்க. வித்தியாசம் அதுக்கு மேல போனா கவனம். உதாரணமா முழு மார்பு 38, மேல் மார்பு 34-னு வச்சுக்கோங்க, நீங்க 38 அட்டையை வாங்கினா மார்புல சரியா இருக்கும், ஆனா ஷோல்டர் இறங்கும், கழுத்து தூக்கும், ஆர்ம்ஹோல் (கை சேர்க்கிற இடம்) கிட்ட சுருக்கம் விழும், நீங்க என்னடான்னா நம்ம தையல்தான் சரியில்லன்னு மறுபடி மறுபடி பிரிச்சுட்டே இருப்பீங்க. அந்த மாதிரி உடம்புக்கு 36 அட்டையைத்தான் எடுக்கணும், எடுத்து முன்பாகத்துல மட்டும் ஒவ்வொரு பக்கமும் ஒரு இன்ச் விரிச்சு டாட்டை (மார்பு வடிவத்துக்காக தைக்கிற மடிப்பு) பெருசாக்கணும். பின்பாகத்தை தொடக்கூடாது.

சரி, அப்போ என்னதான் பண்றதுன்னா, உங்களுக்கு நல்லா ஃபிட்டா இருந்து துணி நைஞ்சு போன பழைய பிளவுஸ் ஒண்ணு கண்டிப்பா வீட்ல இருக்கும், அதான் உங்க பேட்டர்ன். தையலை பிரிச்சு ஐயர்ன் பண்ணி பாதி பக்கத்தை மட்டும் பிரவுன் பேப்பர்ல வச்சு வரையுங்க. கழுத்தும் ஆர்ம்ஹோலும் போட்டு போட்டு இழுத்திருக்கும், அதை அப்படியே நம்பாம டேப்பால உங்க உடம்பு அளவோட ஒத்துப் பாருங்க. வரைஞ்சதும் ஆர்ம்ஹோல் சுத்தளவையும் கையோட வளைவையும் அளந்து பாருங்க, கை கொஞ்சம் கூட இருக்கணும், குறைஞ்சா கை தூக்க முடியாது. முதல்ல காடா துணியில தைச்சுப் போட்டுப் பாத்துட்டு அப்புறம் நல்ல துணியை வெட்டுங்க. ஆயிரத்துல கால்வாசி கூட செலவாகாது.

சட்டை, பேன்ட் மாதிரி ஏதாவது வேணும்னா ஃப்ரீசூயிங்னு (FreeSewing) ஒரு இணைய தளம் இருக்கு, உங்க அளவை குடுத்தா அதுக்கு தகுந்த பேட்டர்னை இலவசமாவே போட்டுத் தரும்.

பிடிஎஃப் எதுவா இருந்தாலும் பிரிண்ட் செலவை சேர்த்து கணக்கு போடுங்க. ஒரு ஏ0 தாள் 16 ஏ4-க்கு சமம், ஏ4-ல மார்ஜின் போக எடுத்தா இன்னும் கூடும், எல்லாத்தையும் ஒட்டணும். அதுக்கு பதிலா வீட்டு பிளான் பிரிண்ட் எடுக்கிற ஜெராக்ஸ் கடைக்கு போய் கருப்பு வெள்ளையில ஏ0-வா கேளுங்க, கலர்னு சொல்லிடாதீங்க. கடைக்காரர் கேக்காமலே ஃபிட் டு பேஜ் போட்டுடுவார், 96 சதவீதமா சுருங்கிட்டா 36 இன்ச் சுத்தளவு முப்பத்தி நாலரை ஆயிடும், ஆக்சுவல் சைஸ்னு அழுத்திச் சொல்லுங்க. பேட்டர்ன்ல ஒரு ஓரமா டெஸ்ட் கட்டம் இருக்கும், பக்கத்துலயே அது எத்தனை சென்டிமீட்டர்னு போட்டிருக்கும். பிரிண்ட் வந்ததும் கடையிலயே நின்னு ஸ்கேல் வச்சு அளந்து பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க.