ஊதா அறையில் பிறந்தவர்கள்: பைசாந்திய வாரிசுகள் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: பைசாந்தியத்தில் (கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசில்) மூத்த மகன்தான் பட்டத்துக்கு வருவாரா?

அப்படி ஒரு சட்டமே கிடையாது. படையும் செனட் என்ற பெரியோர் சபையும் தலைநகர மக்களும் ஏற்றுக்கொண்டால்தான் பேரரசர். அதனால் அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு முடிசூட்டி, இணைப்பேரரசர் ஆக்கிவிடுவார். பேரரசர் அலெக்ஸியோஸ் கொம்னினோஸ் 1092இல் தன் மகன் ஜானுக்கு முடிசூட்டியபோது, பையனுக்கு ஐந்து வயதுதான் இருக்கும்.

கேள்வி: 'ஊதாவில் பிறந்தவர்' என்றால் என்ன?

கான்ஸ்டான்டிநோபிள் அரண்மனையில் ஊதாக் கல் பதித்த பிரசவ அறை ஒன்று இருந்தது. ஆளும் பேரரசரின் பிள்ளை அங்கே பிறந்தால் 'போர்ஃபிரொகெனிட்டோஸ்' என்று பெயர். 797இல் பேரரசி ஐரீன் தன் மகன் ஆறாம் கான்ஸ்டன்டைனின் கண்களைக் குருடாக்கச் செய்ததும் அங்கேதான். அவர் பிறந்ததும் அதே அறை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறாத இடம் இது.

கேள்வி: கொல்லாமல் ஏன் கண்ணைப் பறிக்க வேண்டும்?

உடலில் ஊனம் உள்ளவர் அரியணை ஏறக்கூடாது என்பது அங்கே வழக்கம். ஆனால் 695இல் மூக்கறுத்துத் துரத்தப்பட்ட இரண்டாம் ஜஸ்டினியன், 705இல் திரும்பி வந்து ஆட்சியைப் பிடித்துவிட்டார். மூக்கு போனவர் வரலாம். கண் போனவரால் முடியாது என்பதே கணக்கு.

கேள்வி: பிறப்பால் உரிமை இருந்தும் ஒதுக்கப்பட்ட இளவரசர் யாராவது உண்டா?

ஏழாம் கான்ஸ்டன்டைனைச் சொல்வேன். அவருடைய அப்பா பேரரசர் ஆறாம் லியோவுக்கு மூன்று மனைவிகள் இறந்தும் ஆண் வாரிசு தங்கவில்லை. 905இல் ஸோயி என்ற காதலி இந்தக் குழந்தையைப் பெற்றாள். நான்காம் திருமணம் திருச்சபைக்கு ஆகாது. ஸோயியை அனுப்பிவிட்டால் ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்றார் திருச்சபைத் தலைவரான மறைமுதல்வர் நிக்கோலஸ். லியோ தலையாட்டினார். ஞானஸ்நானம் முடிந்த கையோடு அவளையே மணந்துகொண்டார்! நிக்கோலஸ் ஹாகியா சோபியா பேராலயத்தின் வாசலிலேயே பேரரசரைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார். 907இல் தன் பதவியை இழந்தார்.

912இல் லியோ இறந்தபோது பையனுக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை. 919இல் கடற்படைத் தளபதி ரோமனோஸ் லெகாபெனோஸ் அரண்மனைக்குள் வந்து தன் மகள் ஹெலனாவை அவருக்குக் கட்டிவைத்தார். அடுத்த வருடம் தானும் முடிசூடிக்கொண்டார். ரோமனோஸும் அவர் மகன் கிறிஸ்டோஃபரும் மட்டும் இருக்கும் தங்க நாணயங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் மருமகனின் முகமே இல்லை. 944இல் சொந்த மகன்களே ரோமனோஸைத் துறவியாக்கித் தீவுக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில் அவர்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். அப்புறம் 959 வரை கான்ஸ்டன்டைன்தான்.

கேள்வி: சாதாரண மக்களுக்கு இதிலெல்லாம் அக்கறை இருந்ததா?

நிறையவே. 1042இல் ஐந்தாம் மிக்கேல், தன்னைத் தத்தெடுத்த பேரரசி ஸோயியின் முடியை மழித்துத் துறவியாக்கித் தீவுக்குக் கடத்தினார். இவள் வேறு ஸோயி, ஊதாவில் பிறந்தவள். நகரமே கொதித்தது, பெண்கள்கூடத் தெருவுக்கு வந்தார்கள். மிக்கேல் மடத்துக்குள் ஓடி ஒளிந்தும் தப்பவில்லை, கண்கள் போயின. ஸோயியின் தங்கை தியோடோரா, கன்னிமடத்தைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஜனங்கள் விடவில்லை; ஹாகியா சோபியாவுக்கு அழைத்துப்போய் அவளையும் பேரரசியாக்கினார்கள்.