மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பேஸ்பாலுக்கு என் 13 வயது மகனைத் தன்னார்வலராக அனுப்பலாமா? கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவுமா?

அனுப்புங்கள். கல்லூரிக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வியைப் படித்ததும் சுருக்கென்றது. ஒரு காபி குடித்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். ஏனென்றால் நான் வேலிக்கு அந்தப் பக்கத்து ஆள். என் மகனுக்கு ஆட்டிசம். அட்லாண்டாவுக்கு வெளியே ஒரு மிராக்கிள் லீக்கில், அதாவது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான பேஸ்பால் லீக்கில், நாலு சீசனாக ஆடுகிறான். உங்கள் பையன் வயதுப் பிள்ளைகள்தான் ஆட்டம் முழுக்க அவன் கூடவே நிற்பார்கள். இங்கே அவர்களுக்கு 'பட்டி' (buddy) என்று பெயர். தமிழில் எழுதினால் ஆட்டுப்பட்டி ஞாபகம் வருகிறது, அதனால் கூட்டாளி என்கிறேன்.

இந்த லீக் பிறந்ததே எங்கள் ஜார்ஜியாவில், கான்யர்ஸ் என்ற ஊரில். தம்பி ஆடுவதைப் பார்க்கச் சக்கர நாற்காலியில் ஒரு ஆட்டம் விடாமல் வந்துகொண்டிருந்த 7 வயதுப் பையனை, 1997-ல் எடி பேக்வெல் என்ற பயிற்சியாளர் மைதானத்துக்குள் ஆடக் கூப்பிட்டார். மறுவருஷம் தனி லீக். 2000-ல் தனி மைதானம். மண்ணில் சக்கரம் புதையும், ஓடித் தொடவேண்டிய மேடான பேஸில் வாக்கர் இடறும் என்பதால் ரப்பர் தளம், பேஸ் எல்லாம் தரையோடு தரை. (லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சேலஞ்சர் பிரிவு 1989-லேயே வந்துவிட்டது. அதை விட்டுவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.) ஒவ்வொரு இன்னிங்ஸிலும் எல்லாரும் ஒருமுறை மட்டை பிடிப்பார்கள், யாருமே அவுட் கிடையாது, எல்லாரும் ரன் எடுப்பார்கள். கடைசி ஆளுக்கு ஹோம் ரன், அதாவது எல்லா பேஸையும் ஒரே மூச்சில் சுற்றி வந்துவிடலாம்.

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். முதல் நாள் என் பையன் பந்தைத் தட்டியதும் "மட்டையோட ஓடுடா" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த பாட்டியம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இங்கே மட்டையைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். அவனுக்கு ஓடவேண்டும் என்றே தோன்றவில்லை, அது வேறு விஷயம்.

முதல் சீசன் கூட்டாளி நல்ல பெண். ஆனால் எல்லாவற்றையும் அவளே செய்துவிடுவாள். இவன் கையைப் பிடித்து மட்டையைச் சுழற்றுவாள், அடித்ததும் இழுத்துக்கொண்டு ஓடுவாள். சுற்றி எல்லாரும் கைதட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு இவன் காதைப் பொத்திக்கொண்டு அழுவான். ஃபோட்டோவில் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். நன்றி கெட்டவன் என்று கீழே யாராவது எழுதப்போகிறீர்கள், எழுதுங்கள். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. வீட்டில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், சட்டைப் பித்தான் போடுவதிலிருந்து.

இரண்டாவது சீசனில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். சேவை மணிநேரத்துக்காக (பள்ளி, கல்லூரியில் காட்டும் தன்னார்வக் கணக்கு) வந்தேன் என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டான். பிடிக்காமல்தான் தலையாட்டினேன். முதல் வாரம் அவன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பந்து வந்தால் மட்டும் குறுக்கே வந்து நிற்பான், மற்ற நேரமெல்லாம் என் மகனைப் பார்த்துக்கொண்டே இருப்பான். சோம்பேறி என்று மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் என் மகன் தானாகவே தட்டினான். ஸ்டாண்டில் வைத்த பந்துதான். தட்டிவிட்டு அப்படியே நின்றான். "ஓடு, ஓடு" என்று நாங்கள் எல்லாரும் வழக்கம்போல. அந்தப் பையன் கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னான். பிறகு குனிந்து, மட்டை பிடிக்கும் இடமான ஹோமிலிருந்து முதல் பேஸுக்குப் போகும் வெள்ளைக் கோட்டைக் காட்டினான். அவ்வளவுதான். என் மகன் கோட்டின்மேல் காலை வைத்து, ஒரு அடிக்கு முன்னால் இன்னொரு அடியாக, நடக்க ஆரம்பித்தான்.

வீட்டில் டைல்ஸ் இடுக்கு, கடையில் தரைக்கோடு, பார்க்கிங்கில் மஞ்சள் கோடு என்று எதைப் பார்த்தாலும் அதன்மேலேயே நடப்பவன். ஒன்பது வருஷமாக அதை நிறுத்தச் சொல்லித்தான் நான் கத்திக்கொண்டிருந்தேன். இந்தப் பையனுக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது.

ஆனால் அந்தக் கோடு முதல் பேஸோடு முடிவதில்லை, வேலிவரை போகும். இவனும் போனான். முதல் பேஸைத் தாண்டி, வேலியைத் தொட்டுவிட்டு, அதே கோட்டில் திரும்பி வந்தான். மொத்த ஆட்டமும் காத்திருந்தது. யாரும் அவுட் இல்லாத ஆட்டம்தானே. மூன்றாவது வாரம் அந்தப் பையன் முதல் பேஸைத் தாண்டிக் கோட்டின்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். வழி அடைபட்டதும் என் மகன் பேஸில் நின்றான்.

அந்தப் பையனுக்குக் கிடைத்த பயிற்சி ஆட்டத்துக்கு முன் இருபது நிமிஷப் பேச்சு, அவ்வளவே. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வார இறுதித் தமிழ்ப்பள்ளி ஒன்றில் என் மகனைச் சேர்த்தபோது, மூன்றாம் வாரமே "இதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் எங்களிடம் இல்லை" என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. ஆண்டு விழாவுக்கு மட்டும் குடும்பத்தோடு வரச்சொன்னார்கள். கட்டிய கட்டணம் நாலு மாதம் கழித்துத்தான் திரும்பியது. தொண்டாகத்தான் நடத்துகிறார்கள், எனக்கும் தெரியும். இருந்தாலும் அவன் 'அ' எழுதுவான். சுழியில் ஆரம்பித்து, கை எடுக்காமல். அதைப் பார்க்க அங்கே யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

விடுங்கள். உங்கள் பையனிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளக்கூடாது. நாமாகவே கையைப் பிடிக்கக்கூடாது. ஃபீல்டிங்கில் பந்து வரும் பக்கமாக உங்கள் பையன் நிற்க வேண்டும், அது விளையாட்டில்லை, பாதுகாப்பு. கழிப்பறைக்கு அழைத்துப்போவது, மருந்து கொடுப்பது எல்லாம் எங்கள் லீக்கில் பெற்றவர்கள் வேலை, அங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை வந்துவிட்டு அடுத்த வாரம் காணாமல் போவதாக இருந்தால் மட்டும் தயவுசெய்து வேண்டாம். புது முகத்துக்குப் பழக என் மகனுக்கு மூன்று வாரம் ஆகிறது, எங்கள் சீசனே எட்டு வாரம்தான்.

மணிநேரத்துக்காக வந்தாலும் வரட்டும். என் மகனின் கூட்டாளியும் அதற்காக வந்தவன்தான். தொப்பியும் தண்ணீரும் கொடுத்து அனுப்புங்கள், ரப்பர் தளம் மே மாதத்தில் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். ஃபோனை மட்டும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.