வோல்ஐ பிடிக்கப் போக எந்தப் பருவம் நல்லது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏரிகளில் பனிக்கட்டி உடையத் தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே மீனைப் பற்றியவை. ஒன்ராறியோவில் பலர் பிக்கரல் என்றும், எல்லைக்குத் தெற்கே வோல்ஐ என்றும், கியூபெக்கில் டொரே என்றும் சொல்லும் அந்த நன்னீர் மீன், பேர்ச் குடும்பத்தில் வட அமெரிக்காவிலேயே பெரியது. இக்கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, எனக்கு வேலையில் கோடைக்கு ஒரு கிழமை விடுமுறைதான் கிடைக்கும். நண்பர்கள் நால்வர் சேர்ந்து வடக்கே கொட்டேஜ் எடுத்து வோல்ஐ பிடிக்கப் போக இருக்கிறோம். எந்தக் கிழமையைத் தெரிவு செய்வது? (ஸ்காபரோ)

ஒரு கிழமைதான் கையில் இருக்கிறது என்றால் ஜூன் மாதத்தின் முதல் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டி உருகிய கையோடு, நீரின் வெப்பம் ஏறத்தாழ 6 முதல் 10 பாகை செல்சியஸ் ஆகும்போது இம்மீன்கள் முட்டையிடுகின்றன. முட்டையிட்டுக் களைத்த பெண் மீன்கள் சில காலம் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, பிறகு நல்ல பசியோடு இரைதேடத் தொடங்கும். ஜூன் தொடக்கத்தில் வடக்கு ஏரிகள் பலவற்றில் நீர் 13 முதல் 18 பாகைக்குள் இருப்பதால், மீன்கள் ஆற்று முகத்துவாரங்களிலும், கற்பாறை முனைகளிலும், புதிதாக முளைக்கும் நீர்ப்பாசிகளின் ஓரத்திலும் இரண்டு முதல் ஐந்து மீற்றர் ஆழத்தில் நிற்கின்றன. ஆழத்தைக் காட்டும் கருவி இல்லாத வாடகைப் படகில் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான காலம் இல்லை. ஜிக் எனப்படும் ஈயத்தலையுள்ள சிறிய தூண்டில் முள் ஒன்றில் அட்டையையோ சிறு மீனையோ கோத்து அடித்தரையைத் தொட்டும் தொடாமலும் மெல்ல இழுத்து வந்தால் போதுமானது. அக்காலத்தில் கறுப்பு ஈயும் நுளம்பும் உங்களை விடமாட்டா என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலையை மூடும் வலையுடன் போங்கள்.

ஆனால் திகதி என்பது ஒரு மதிப்பீடு மட்டுமே. மீனுக்குத் தெரிந்ததெல்லாம் நீரின் வெப்பம். ஓர் ஆண்டு, மீன்பிடிப் பருவம் திறக்கும் சனிக்கிழமைக்கே போய்விட வேண்டும் என்ற ஆசையில் நாங்கள் முற்பணம் கட்டியிருந்தோம். அவ்வாண்டு வசந்தம் பிந்தியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனிக்கட்டி போய்ப் பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. இரண்டு நாள் ஒரு மீனும் கடிக்கவில்லை. மூன்றாம் நாள், ஐந்து டொலருக்கு வாங்கிய வெப்பமானியைத் தூண்டில் நூலான தங்கூசியில் கட்டி ஒவ்வொரு குடாவாக இறக்கிப் பார்த்தோம். எல்லா இடத்திலும் 7 பாகை காட்டிய அது, தெற்கு வெயில் விழும் வடகரைக் குடாவொன்றில், தேநீர் நிறத்தில் ஓர் ஓடை வந்து கலக்கும் இடத்தில் மட்டும் 10 பாகை காட்டியது. முழங்கால் ஆழமே இருந்த அந்த மண்ணிற நீரில்தான் அன்று மாலை எங்களுக்கு மீன் கிடைத்தது. அந்த நாள் முதல் வெப்பமானி இல்லாமல் நான் படகில் ஏறுவதில்லை.

ஜூன் கிடைக்காதவர்களுக்கு அடுத்த தெரிவு செப்டம்பர். அப்போது பூச்சிகள் இல்லை, படகுகளும் குறைவு, மீன்கள் குளிர்காலத்துக்காக உண்கின்றன. ஆனால் மேற்பரப்பு நீர் குளிர்ந்து கனமாகிக் கீழிறங்க, ஏரி முழுவதும் மேலும் கீழுமாகக் கலக்கும் ஒரு கட்டம் இலையுதிர் காலத்தில் வரும். ஏரியின் ஆழத்தையும் காற்றையும் பொறுத்து அது முந்தியும் பிந்தியும் நிகழ்கிறது. அந்த நாட்களில் மீன்கள் எல்லா ஆழங்களிலும் சிதறிவிடுவதால் கைதேர்ந்தவர்களும் வெறுங்கையோடு திரும்புவதுண்டு. நீர் திடீரெனக் கலங்கி, அழுகிய பாசித்துண்டுகள் மேலே மிதந்தால் அந்த ஏரியை விட்டு வேறோர் ஏரிக்கோ ஆற்றுக்கோ போய்விடுங்கள்.

ஏப்ரலில் பாலத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. கண்ணெதிரே இவ்வளவு மீன் இருக்கும்போது பிடிக்கக் கூடாது என்பது எதற்கு? (பீற்றர்பரோ)

நீங்கள் பார்த்த காட்சியை நானும் பார்த்திருக்கிறேன். இரவில் ரோச் லைற்றை ஆற்றில் அடித்தால், கற்களுக்கு மேலே சோடி சோடியாகக் கண்கள் தணல்போல் ஒளிரும். குறைந்த ஒளியிலும் பார்ப்பதற்காக அம்மீனின் விழித்திரைக்குப் பின்னால் அமைந்துள்ள ஒளி தெறிக்கும் படலமே அதற்குக் காரணம். வோல்ஐ என்ற பெயரும் அந்தக் கண்ணால் வந்ததே. பிடிக்க எளிது என்பதால்தான் அந்தக் காலத்தில் பிடிக்கக் கூடாது என்கிறார்கள். இம்மீன் கூடு கட்டுவதில்லை, முட்டைகளைக் காப்பதும் இல்லை. பெருங்கற்களுக்கும் சரளைக்கும் மேலே இரவில் முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விடும். கல்லிடுக்கில் விழுந்த முட்டைகள் ஓடும் நீரில் மூச்சுவாங்கிப் பிழைக்க வேண்டும். ஒரு பெரிய பெண் மீன் இலட்சக்கணக்கில் முட்டையிடும் என்றாலும் அவற்றில் மிகச் சிலவே தப்புகின்றன. வடக்கின் குளிர்ந்த ஏரிகளில் பெண் மீன் ஒன்று முதன்முதலாக முட்டையிடுவதற்கே ஐந்தாறு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அத்தகைய மீனை, அது ஓரிடத்தில் கூடி நிற்கும் இரண்டு மூன்று கிழமைகளில் அள்ளிக்கொண்டு போனால் அந்த ஏரி எழுந்திருக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். நிப்பிசிங் ஏரியில் வோல்ஐ குறைந்துபோனபோது, 2014இல் நாளொன்றுக்கு இரண்டு மீன்தான் என்றும், 46 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவற்றை விட்டுவிட வேண்டும் என்றும் விதி கொண்டுவர நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள்.

ஒன்ராறியோ 20 மீன்வள மேலாண்மை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பருவம் திறக்கும் நாள் ஒரு மண்டலத்தில் மே மாதத்தின் முதலாம் சனிக்கிழமையாகவும், இன்னொன்றில் இரண்டாம் அல்லது மூன்றாம் சனிக்கிழமையாகவும் இருக்கும். சில ஏரிகளுக்கும் ஆற்றுப் பகுதிகளுக்கும் தனி விதி உண்டு. போகும் ஆண்டுக்குரிய விதிச் சுருக்கத்தில் மண்டலத்தையும் ஏரியின் பெயரையும் இரண்டு இடத்திலும் பார்த்துவிட்டே புறப்படுங்கள்.

ஓகாயோவில் இருக்கும் என் மைத்துனர் மார்ச்சிலேயே வோல்ஐ பிடிக்கிறாரே, அது சட்டப்படி சரியா? (பிராம்ரன்)

சரிதான். ஓகாயோவின் வடக்கே உள்ள ஈரி ஏரியின் நிலைமை வேறு. ஐம்பேரேரிகளில் ஆழம் குறைந்ததும் வளம் மிகுந்ததுமான அந்த ஏரியில் வோல்ஐ மிகப் பெருந்தொகையாக வாழ்கிறது. ஒன்ராறியோவும் ஏரியைச் சூழ்ந்த நான்கு அமெரிக்க மாநிலங்களும் ஆண்டுதோறும் கூடி, எவ்வளவு பிடிக்கலாம் என்று மொத்த அளவை வகுக்கின்றன. 2003, 2015 போன்ற ஆண்டுகளில் பொரித்த குஞ்சுகள் பெருமளவில் தப்பிப் பிழைத்ததால், அவை பல ஆண்டுகளுக்கு வலைகளையும் தூண்டில்களையும் நிரப்பின. உங்கள் மைத்துனர் அந்த ஏரியில் கலக்கும் மோமி ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று பிடிப்பவராக இருக்கலாம்; மார்ச், ஏப்ரலில் அங்கே அது பெரும் கூட்டம் கூடும் வழக்கம். கோடை ஏற ஏற மேற்குப் பகுதியின் பெரிய மீன்கள் குளிர்ந்த நீரைத் தேடிக் கிழக்கே நகர்கின்றன. அதனால் ஒன்ராறியோக் கரையில் போர்ட் டோவர், போர்ட் கொல்போர்ன் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களே ஏற்றவை. பெருங்காற்றில் அந்த ஏரி மிக விரைவாகக் கொந்தளிக்கும் என்பதால் சிறிய படகில் கரையை விட்டு விலக வேண்டாம்.

சென்னையிலிருந்து அக்கா குடும்பம் ஜூலையில் வருகிறது. எட்டு வயதிலும் பதினோரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். அவர்களை வோல்ஐ பிடிக்கக் கூட்டிப் போகலாமா? (மார்க்கம்)

கூட்டிப் போங்கள், ஆனால் வோல்ஐயை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஜூலையில் பகல் வெளிச்சம் கூடுவதால் இம்மீன் ஆழத்துக்கோ அடர்ந்த பாசிக்குள்ளோ போய்விடும். கடிப்பது பெரும்பாலும் விடியலிலும் சூரியன் மறைந்த பின் ஒரு மணி நேரத்திலுந்தான். அதோடு, ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் மேபிளை எனப்படும் பூச்சிகள் ஏரியடியிலிருந்து திரள்திரளாக மேலெழும். அவற்றையே வயிறுமுட்டத் தின்ற மீன் உங்கள் இரையைத் திரும்பியும் பார்க்காது. எட்டு வயதுப் பிள்ளை அசையாத தக்கையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்? பகலில் கரையோர மேடையிலிருந்து பேர்ச், சன்பிஷ் பிடிக்க விடுங்கள். ஒரு துண்டு மண்புழு போதும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு மீன் வரும். மாலையில் மூத்த பிள்ளையைப் படகில் ஏற்றி, மணிகளும் சுழலும் தகடும் கோத்த புழுத் தூண்டிலைப் பாசியின் வெளி ஓரமாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெரியவர்களுக்கு அனுமதிப்பத்திரம் தேவை. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அனுமதிப்பத்திரம் உள்ளவரோடு சேர்ந்து பிடிக்கலாம், ஆனால் அவர்கள் வைத்துக்கொள்ளும் மீன் அவருடைய எண்ணிக்கையிலேயே சேரும்.

வாழ்நாளில் ஒரு தடவையாவது பத்து இறாத்தல் வோல்ஐ ஒன்றைப் பிடித்துவிட வேண்டும். எங்கே, எப்போது? (ஏஜக்ஸ்)

நவம்பர், குவின்ரி குடா. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில் உலகத்தரமான பெருமீன் நீர் ஒன்று இருப்பது நமக்குக் கிடைத்த பேறு என்றே நான் கருதுகிறேன். கோடை முழுவதும் ஒன்ராறியோ ஏரியின் குளிர்ந்த திறந்த நீரில் மேய்ந்து கொழுத்த பெரிய பெண் மீன்கள், இலையுதிர் காலத்தில் இரைமீன் கூட்டங்களைப் பின்தொடர்ந்து குடாவின் ஆழமான கீழ்ப்பகுதிக்குத் திரும்புகின்றன. ஒக்டோபர் பிற்பகுதியில் தொடங்கும் இவ்வரவு, பிக்ரன், கிளெனோரா பக்கங்களில் நவம்பர் முழுவதும் நீடிக்கும். விரல் நீளச் சிறு மீன் வடிவத் தூண்டிலையல்ல, கையளவு நீளமான பெரியவற்றை முப்பது, நாற்பது மீற்றர் தங்கூசி விட்டு, நடக்கும் வேகத்துக்கும் குறைவாகப் படகை ஓட்டி இழுக்க வேண்டும். 1990களில் வரிக்குதிரைச் சிப்பி பரவி நீரை வடிகட்டித் தெளிவாக்கிய பின் பகல் மீன்பிடி அங்கே கடினமாகிவிட்டது. நல்ல மீன்கள் இருட்டிய பிறகே கடிக்கின்றன.

அந்த இரவுகள் சுகமானவை அல்ல. தடியின் வளையங்களில் நீர் உறைந்து தங்கூசி ஓடாமல் நின்றுவிடும். சில நிமிடங்களுக்கொரு முறை தடியின் நுனியை ஏரிக்குள் அமிழ்த்தித்தான் பனியைக் கரைக்க வேண்டியிருக்கும். அந்நீரில் தவறி விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்துவதிலேயே போய்விடும், கை கால்கள் பயன்படுவது அடுத்த பத்து நிமிடங்களுக்கு மட்டுமே. ஆகவே மிதப்பு உடையைப் படகில் ஏறும் முன்பே அணிந்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்ட அந்த மீன் வந்துவிட்டால், நீரில் வைத்தே முள்ளைக் கழற்றி, ஒரு படம் எடுத்து, விட்டுவிடுங்கள் என்று வேண்டிக் கேட்கிறேன். அதன் வயிற்றில் அடுத்த வசந்தத்துக்கான முட்டை ஏற்கனவே வளர்ந்துகொண்டிருக்கும்.

அமாவாசை, பௌர்ணமி பார்த்துப் போக வேண்டுமா?

நான் பார்ப்பதில்லை. பௌர்ணமி இரவில் மீன் வெளிச்சத்தில் இரை தேடுவதால் மறுநாள் காலை மந்தமாக இருக்கலாம் என்பது என் அனுபவம். அதைவிட முக்கியமானவை மேகமும் காற்றும். மேகம் மூடி, சிற்றலை கரையில் மோதும் நாளில் நீருக்குள் ஒளி குறைந்து, நண்பகலிலும் வோல்ஐ கடிக்கும்.

பனிக்கட்டி மேல் நின்று பிடிக்க எவ்வளவு தடிப்பு வேண்டும்?

தனியே நடக்கக் குறைந்தது 15 சென்ரிமீற்றர், ஸ்னோமொபைலுக்கு 25 சென்ரிமீற்றர் என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. இது தெளிந்த நீலப் பனிக்கட்டிக்கு உரிய அளவு. வெண்ணிறப் பனிக்கட்டிக்கு அதில் ஏறத்தாழப் பாதி வலிமையே உண்டு. ஓட்டமுள்ள இடங்களையும் பாலங்களுக்கு அருகையும் தவிர்த்து, முதல் பனிக்கட்டியையும் கடைசிப் பனிக்கட்டியையும் மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

வோல்ஐயைக் குழம்பு வைக்கலாமா? பாதரசம் இருக்கிறது என்கிறார்களே? (மிசிசாகா)

சதை வெண்மையாகவும் முள் குறைவாகவும் இருப்பதால் பிள்ளைகளுக்கும் கொடுக்க ஏற்ற மீன். ஆனால் சதை மென்மையானது. கொதிக்கும் புளிக்குழம்பில் முதலிலேயே போட்டால் உதிர்ந்துவிடும். குழம்பு வற்றி எண்ணெய் மிதக்கும் நேரத்தில் போட்டு, கரண்டி விடாமல் சட்டியை மட்டும் அசைத்து ஐந்து நிமிடத்தில் இறக்குங்கள். மஞ்சள், மிளகு, உப்புப் பிரட்டிப் பொரித்தால் இன்னும் நன்று. தலையை எறியும் முன் கன்னத்துச் சதையைக் கத்தியால் தோண்டி எடுக்க மறவாதீர்கள்.

பாதரசம் பற்றிய கவலை நியாயமானது. மற்ற மீன்களைத் தின்னும் மீன் என்பதால், வயது ஏற ஏற இதன் சதையில் பாதரசம் சேர்கிறது. வடமேற்கு ஒன்ராறியோவில் 1962 முதல் 1970 வரை ஓர் ஆலை வாபிகூன் ஆற்றில் கொட்டிய பல தொன் பாதரசத்தால், வோல்ஐயை அன்றாட உணவாகவும் பிழைப்பாகவும் கொண்டிருந்த கிராசி நரோஸ் முதற்குடி மக்கள் இன்றுவரை நோயுறுகின்றனர். பெரும்பாலான ஏரிகளில் நிலைமை அவ்வாறு இல்லை. ஆனாலும் எந்த ஏரியில், எந்த நீளமுள்ள மீனை, மாதத்தில் எத்தனை தடவை உண்ணலாம் என்று ஒன்ராறியோ அரசு வெளியிடும் மீன் உணவு வழிகாட்டி ஏரி ஏரியாகச் சொல்கிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதில் தனி வரிசை உண்டு. வீட்டில் அவர்கள் இருந்தால் அந்த வரிசையையே பாருங்கள். உணவுக்கு 40 முதல் 45 சென்ரிமீற்றர் வரையான மீன்தான் என் தெரிவு, அந்த ஏரியின் விதி அதை அனுமதிக்குமானால். நீள வரம்புள்ள ஏரியிலிருந்து கொண்டுவரும் மீனை வழியில் துண்டு போடாதீர்கள். எந்த மீன், எத்தனை, என்ன நீளம் என்று அதிகாரி பார்த்தறியக்கூடிய விதத்தில், முழு மீனாக ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகே வெட்டுங்கள்.