நிலாவும் அதே தூரத்தில்தானே இருக்கிறது?

கேள்வி: என் மகள் தரம் 8 படிக்கிறாள். பாடசாலை விஞ்ஞான தினத்தில் ‘பூமியில் உயிர்கள் வாழ்வது ஏன்?’ என்ற தலைப்பில் ஒரு மேசை வைத்து, பத்து நிமிடம் விளங்கப்படுத்த வேண்டுமாம். ‘சூரியனிலிருந்து சரியான தூரத்தில் இருப்பதால்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘நிலாவும் அதே தூரத்தில்தானே அம்மா இருக்கிறது, அங்கே ஏன் ஒன்றும் இல்லை?’ என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ரெஜிபோம் பந்தில் கோள்கள் செய்து தொங்கவிடத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். செலவில்லாமல், திருகோணமலையில் கிடைப்பதை வைத்தே வேறு மாதிரிச் செய்ய வழி இருக்கிறதா?
(உப்புவெளியிலிருந்து ஒரு தாய்)

பதில்: ரெஜிபோம் பந்துகளை விட்டுவிடுங்கள் அம்மா. உங்கள் மகள் கேட்ட கேள்வியையே தலைப்பாகப் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். கண்காட்சிக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

பூமிக்கும் சூரியனுக்கும் இடையே ஏறக்குறைய 15 கோடி கிலோமீற்றர். நிலா நம்மிடமிருந்து 3,84,000 கிலோமீற்றரில்தான் இருக்கிறது. ஆகவே சூரியனைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே தூரம் என்று பிள்ளை சொல்வது முழுக்கச் சரி. ஆனாலும் நிலாவின் நடுக்கோட்டுப் பகுதியில் பகல் வெப்பம் 120 பாகை செல்சியஸ் வரை ஏறும். இரவில் பூச்சியத்துக்குக் கீழே 130 பாகைக்கும் அப்பால் இறங்கும். தூரம் தேவைதான், அது மட்டும் போதாது.

நிலாவில் குறைவது பருமன். நிலாவின் திணிவு பூமியின் திணிவில் 81இல் ஒரு பங்கு, அதன் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. அந்த ஈர்ப்பால் வாயுக்களைப் பிடித்து வைத்திருக்க முடியாது, அவை விண்வெளிக்குத் தப்பிவிடும். காற்றின் அழுத்தம் இல்லாத இடத்தில் நீரும் நீராக நிற்காது. இது பாதிப் பதில். மற்றப் பாதியைப் பெரும்பாலானோர் சொல்வதில்லை: சிறிய பொருள் சீக்கிரம் ஆறிவிடும். நிலாவின் உள்ளே பெரும்பகுதி ஆறி அடங்கிவிட்டது. பூமி தோன்றி ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன, அதன் உள்ளே சூடு இன்னும் இருக்கிறது. அந்தச் சூட்டால் பாறையும் நீரும் காற்றும் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டே இருக்கின்றன. உங்கள் மகளின் பத்து நிமிடமும் இதைப் பற்றியதாக இருக்கட்டும். திருகோணமலை இதற்கு வாய்த்த ஊர்.

உள்ளமைப்பை ஒரே படத்தில் முடித்துவிடலாம். பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றர். மேலே புவியோடு, கண்டங்களின் கீழ் அது சராசரியாக 35 கிலோமீற்றர் தடிப்பு, கடலின் கீழ் ஆறேழு கிலோமீற்றர்தான். அதன் கீழே 2,900 கிலோமீற்றர் ஆழம் வரை மென்மூடி. பிறகு உருகிய இரும்பும் நிக்கலும் கொண்ட வெளி அகணி, நடுவில் திண்மமான உள் அகணி. உள் அகணி இருப்பதை 1936இல் நிலநடுக்க அலைகளைப் படித்துக் கண்டுபிடித்தவர் ‘இங்கே லேமன்’ (Inge Lehmann) என்ற டென்மார்க்குப் பெண் விஞ்ஞானி. பெண் பிள்ளை பேசும் மேசையில் அந்தப் பெயர் இருந்தால் நல்லது. படம் வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மென்மூடி தீக்குழம்புக் கடல் அல்ல. அது திண்மப் பாறை. ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் என்ற வேகத்தில் மெல்ல நகரும் பாறை. சிவப்பு மையில் அலையலையாக வரைந்து வைக்காதீர்கள்.

சரி, இத்தனை காலமாகச் சூடு ஆறாமல் இருப்பது எப்படி? ஒரு பகுதி, பூமி உருவான காலத்தில் மிஞ்சிய சூடு. மற்றொரு பெரும் பகுதி யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் வருவது. தோரியத்துக்கு எங்கே போவது என்று யோசிக்கிறீர்களா? புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கோன் ஆகியவற்றோடு மொனசைட்டு என்ற கனிமமும் கொஞ்சம் இருக்கிறது. அதற்குள் தோரியம் உண்டு. தோரியத்தில் பாதி சிதைந்து முடிய 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும், அதாவது பூமியின் வயதைப் போல மூன்று மடங்கு. பூமியை உள்ளிருந்து சூடாக்கும் பொருள் நமது மாவட்டத்துக் கரையிலேயே கிடக்கிறது என்று பிள்ளை சொன்னால், பார்க்க வருபவர்கள் நின்று கேட்பார்கள். ஆனால் மணலை அள்ளி வர வேண்டாம். அது அரசு தோண்டி எடுக்கும் கனிமம், மொனசைட்டும் சிறிதளவு கதிரியக்கம் உடையது. ஒரு படம் ஒட்டினால் போதும்.

சிர்க்கோனைப் பற்றியும் ஒரு வரி சொல்லலாம். இன்று உலகில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பூமித் துண்டுகள் மேற்கு அவுஸ்திரேலியாவில் எடுத்த சிர்க்கோன் மணிகள்தான், வயது 440 கோடி ஆண்டுகள் வரை. அந்தக் காலத்திலேயே பூமியில் நீர் திரவமாக இருந்திருக்க வேண்டும் என்பதற்கான தடயம் அவற்றில் இருக்கிறது. புல்மோட்டைச் சிர்க்கோன் அவ்வளவு பழையது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

உள்சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்கக் கன்னியா இருக்கிறது. வெந்நீரூற்று என்றதும் கீழே எரிமலை என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கையில் உயிர்ப்புள்ள எரிமலை எதுவும் கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, வேறு வெடிப்பு வழியே மேலே வருகிறது, அவ்வளவுதான். புவியோட்டில் பொதுவாக ஒரு கிலோமீற்றர் இறங்கினால் 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடும். வீட்டுக் கிணற்று நீரையும் கன்னியா நீரையும் ஒரே வெப்பமானியால் அளந்து, வித்தியாசத்தை வைத்து அந்த நீர் குறைந்தது எவ்வளவு ஆழம் போயிருக்க வேண்டும் என்று பிள்ளையே கணக்குப் போடலாம். கிணறு 28 பாகை, ஊற்று 40 பாகை என்று வந்தால் அரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். கன்னியாவின் ஏழு கிணற்றிலும் அளக்கட்டும், ஒன்றுக்கொன்று சற்று வேறுபடும். தாயின் கிரியைக்காக இராவணன் நிலத்தைக் குத்திய கதையையும் தாராளமாகச் சொல்லலாம், திருகோணமலையில் அதைச் சொல்லாமல் விட்டால்தான் குறை. கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்த்தவர்களுக்கு, பாறையில் வெடிப்பு என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இனித்தான் முக்கியமான பகுதி. இதற்கு நேரத்தில் பாதியைக் கொடுங்கள்.

பூமியின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 15 பாகை. வளிமண்டலத்தில் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுக்கள் இல்லாவிட்டால் அது பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையாக இருக்கும், கடல் உறைந்துவிடும். அந்த வாயுக்களில் ஒன்று காபனீரொட்சைட்டு. அது கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதை ஓரளவு அளவோடு வைத்திருப்பது பாறைதான்.

மழைநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக விழுகிறது. அது மலைநாட்டுப் பாறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. கரைந்த கல்சியமும், காபன் நீரில் கரைந்திருக்கும் வடிவமான இருகாபனேற்றும் மகாவலியோடு 335 கிலோமீற்றர் ஓடி, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கலக்கின்றன. கடலில் சிப்பியும் சங்கும் முருகைக்கல்லும் அவற்றை எடுத்துத் தம் ஓட்டைக் கட்டுகின்றன. காற்றில் இருந்த காபன் இப்படிக் கல்லாகிவிடுகிறது. புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள முருகைக்கற்பார் முழுவதும் இப்படி அடைபட்ட காபன்தான்.

இது ஒருவழிப் பாதையாக இருந்தால் காற்றில் காபனீரொட்சைட்டு தீர்ந்து பூமி உறைந்திருக்கும். தீராமல் காப்பது உள்சூடு. பூமியின் மேற்பகுதி தகடுகள் என்ற பெரிய துண்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது. நாம் இருக்கும் புவித்தகடு சுமாத்திராவுக்கு அருகே வேறொரு தகட்டின் கீழே சொருகிப் போகிறது. இப்படிச் சொருகும் இடங்களில் கடலடிப் படிவுகளும் சேர்ந்து கீழே போய்ச் சூடேறுகின்றன, எரிமலைகள் வழியே காபனீரொட்சைட்டு திரும்பவும் காற்றுக்கு வருகிறது. முருகைக்கல்லைச் சூளையில் சுட்டால் வாயு பறந்துபோய்ச் சுண்ணாம்பு மிஞ்சுமே, பூமி உள்ளே செய்வதும் ஏறக்குறைய அதே சூளை வேலைதான்.

பூமி சூடானால் மழை கூடும், பாறை வேகமாக அரிபடும், காபனீரொட்சைட்டு குறையும், வெப்பம் தணியும். குளிர்ந்தால் அரிப்பு மெதுவாகும், எரிமலை விடும் வாயு சேர்ந்து மீண்டும் சூடாக்கும். தொடக்க காலத்தில் சூரியன் இன்றைவிட ஏறக்குறைய 30 சதவீதம் மங்கலாக இருந்தும் இங்கே கடல் உறைந்து கிடக்காததற்கு, காற்றில் இந்த வாயு அப்போது கூடுதலாக இருந்ததே முக்கிய காரணம் என்று கருதுகிறார்கள்.

இந்த இடத்தில் 2004ஐத் தவிர்க்க முடியாது. டிசம்பர் 26ஆம் திகதி இங்கிருந்து சுமார் 1,700 கிலோமீற்றர் தொலைவில் நழுவியது அந்தத் தகட்டு விளிம்புதான். இரண்டு மணி நேரத்தில் கடல் நம் கரைக்கு ஏறியது. உயிரைத் தாங்கும் அதே இயக்கம் உயிரையும் எடுத்தது. திருகோணமலையில் இதைச் சொல்லும்போது முன்னால் நிற்பவர் யாரை இழந்தவர் என்று தெரியாது. அதனால் ஒரு வரியில் சொல்லி நகரட்டும், படம் எதுவும் வேண்டாம்.

செய்துகாட்ட இரண்டு சோதனைகள். வெற்றிலைக் கடையில் புதிய வெள்ளைச் சுண்ணாம்பு வாங்கி, ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு போத்தல் நீரில் நன்றாகக் குலுக்கி இரவு முழுதும் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் மெதுவாக வேறு கிளாசில் ஊற்றி, உறிஞ்சு குழாயால் பிள்ளை ஊதட்டும். நீர் பால்போல் வெளுக்கும். மூச்சிலிருந்த காபனீரொட்சைட்டு கண்ணெதிரே கல்லாகிறது, சிப்பி ஓட்டிலுள்ள அதே கல்சியம் காபனேற்று. தொடர்ந்து ஊதினால் மீண்டும் தெளியத் தொடங்கும். சோதனை பிழைத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். கல் இருகாபனேற்றாகிக் கரைகிறது, மகாவலி சுமந்து வருவதும் அதைத்தான். அப்புறம், கரையில் பொறுக்கிய சிப்பி ஓட்டை இடித்து வினாகிரியில் போட்டால் குமிழி விடும். அடைபட்ட வாயு வெளியே வருகிறது. சுண்ணாம்பு நீர் வாய்க்கும் கண்ணுக்கும் ஆகாது, ஊத மட்டும்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. வீட்டில் நீங்கள் பக்கத்தில் இருந்து ஒருமுறை பழக்கிவிடுங்கள். புறாமலைத் தீவு தேசியப் பூங்கா. அங்கிருந்து செத்த முருகைக்கல் துண்டுகூட எடுக்கக் கூடாது.

வெள்ளியோடு ஒப்பிட்டால் இது இன்னும் நன்றாக விளங்கும். வெள்ளி ஏறக்குறைய பூமியின் பருமன். நமது சுண்ணாம்புக் கற்களிலும் மற்றப் பாறைகளிலும் அடைபட்ட காபன் எவ்வளவோ, கிட்டத்தட்ட அதே அளவு அங்கே காற்றிலேயே நிற்கிறது. கரைத்துக் கல்லாக்க அங்கே கடல் இல்லை. அழுத்தம் நம்முடையதைப் போல் 90 மடங்கு, வெப்பம் 460 பாகைக்கு மேல். செவ்வாய் எதிர்ப்பக்கம்: பூமியின் திணிவில் பத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் ஆறிவிட்டது, காற்றின் அழுத்தம் நமதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

காந்தப்புலத்துக்கு ஒரு நிமிடம் போதும். வெளி அகணியில் இரும்புக் குழம்பு சுழல்வதால் வருவது அது, சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களில் பெரும்பகுதியைத் திசைதிருப்புகிறது. தையல் ஊசியைக் காந்தத்தில் ஒரே திசையில் பலமுறை தேய்த்து, நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால் வடக்குத் தெற்காக நிற்கும். நாம் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் ஊசி கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். இலண்டனில் அதன் வடமுனை நிலத்தை நோக்கி நன்றாகச் சாயும். ஆனால் காந்தப்புலம் இல்லாவிட்டால் காற்றே இருக்காது என்று அடித்துப் பேச வேண்டாம். வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலம் இல்லை, காற்றோ கனத்துக் கிடக்கிறது.

பிள்ளைகள் வழக்கமாகத் தலைகீழாகச் சொல்லும் விசயம் ஒட்சிசன். இப்போது காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஒட்சிசன், உயிர் தோன்றுவதற்கு முன்பே காத்திருந்த ஒன்று அல்ல. கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் சூரிய ஒளியில் உணவு தயாரித்தபோது வெளிவிட்டது. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் அது காற்றில் சேரத் தொடங்கியது. அதிலிருந்தே ஓசோனும் வந்தது. தலைப்பில் ‘பூமியில் மட்டும்’ என்று யாராவது சேர்க்கச் சொன்னால் ‘நாம் அறிந்தவரை’ என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

நடுவர்களில் ஒருவர் கட்டாயம் கேட்கக்கூடியது: ‘பூமி தானே வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும் என்றால், இப்போது சூடாவதைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?’ பதிலை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். பாறை அரிப்பால் வெப்பம் தணிவதற்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். உலகத்து எரிமலைகள் எல்லாம் ஓர் ஆண்டில் விடும் காபனீரொட்சைட்டைவிடப் பல பத்து மடங்கை நாம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து விடுகிறோம். சம்பூரில் வீடு கட்டியிருப்பவரால் அந்த இலட்சம் ஆண்டைக் காத்திருக்க முடியாது என்று பிள்ளை தன் வார்த்தையில் சொல்லட்டும்.