பசியும் பச்சிலையும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பசியைப் பற்றியவை. குறைக்க வேண்டும், அடக்க வேண்டும், மறக்க வேண்டும் என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். பல வருடம் பாமசியில் மருந்து கொடுத்தவள் என்ற முறையில், மூன்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கல்முனை வாசகி: எனக்கு 38 வயது, நிறை 82 கிலோ. கொறக்காப்புளிச் சாற்றில் செய்த குளிசை என்று தெரிந்தவர் ஒருவர் ஒரு போத்தல் தந்தார். சாப்பாட்டுக்கு முன் போட்டால் பசிக்காதாம். மீன் கறிக்குப் போடுகிற புளிதானே, பயப்பட என்ன இருக்கிறது என்கிறார். போடலாமா?

வேண்டாம் தங்கச்சி. போடத் தொடங்கியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

கொறக்காப்புளியின் புளிப்புக்குக் காரணம் ஐதரொக்சிசித்திரிக் அமிலம். 1965 இல் மைசூர் ஆய்வாளர்கள் அதை இனங்கண்டார்கள். சாப்பிட்ட மாச்சத்தை உடம்பு கொழுப்பாக மாற்ற உதவும் ஒரு நொதியை இந்த அமிலம் தடுக்கிறது என்பது பிறகு தெரியவந்தது. எலிகளுக்குக் கொடுத்தபோது அவை குறைவாகத் தின்றன, நிறையும் குறைந்தது. குளிசை வியாபாரம் அங்கேதான் தொடங்கியது.

மனிதரில் என்ன நடந்தது? 1998 இல் அமெரிக்காவில் நிறை கூடிய 135 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 1500 மில்லிகிராம் இந்த அமிலமும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. எல்லோருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. 12 வாரம் கழித்து, அமிலம் எடுத்தவர்களுக்கு சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தது, வெறும் குளிசை போட்டவர்களுக்கு 4.1 கிலோ. நிறையைக் குறைத்தது உணவுக் கட்டுப்பாடுதான். குளிசையால் ஒன்றும் நடக்கவில்லை.

பலன் இல்லாவிட்டால் பரவாயில்லை, கெடுதல் இல்லையே என்று நினைக்காதீர்கள். இந்தச் சாறு கலந்த குளிசைகளால் ஈரல் கெட்டு, மாற்று ஈரல் வைக்கும் அளவுக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவப் பதிவுகள் உண்டு. ஏற்கெனவே போட்டவர் என்றால், சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகிறதா, கண் மஞ்சளாகிறதா, காரணமில்லாமல் உடம்பு கடிக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு சட்டி மீனுக்கு இரண்டு மூன்று சுளை போட்டு, அதையும் வீட்டில் எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடுவது வேறு. சாற்றை இறுக்கி நாளுக்கு மூன்று வேளை விழுங்குவது வேறு. கறிக்குத் தாராளமாகப் போடுங்கள்.

இன்னொன்று. மூலிகை என்று எழுதியிருக்கும் நிறை குறைப்புக் குளிசைகள் சிலவற்றுக்குள் சிபுட்ராமின் என்ற, பசியை அடக்கும் இரசாயன மருந்தை ஒளித்துக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தப்பட்ட மருந்து அது. ஒரு மூலிகைக் குளிசை உண்மையிலேயே பசியைச் சட்டென்று அடித்துப்போட்டால், எனக்கு முதலில் வருவது அந்தச் சந்தேகம்தான்.

சரி, பசிக்கு என்னதான் செய்வது? வெந்தயம் ஒரு தேக்கரண்டி எடுத்து இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் இரண்டு விரலால் நசித்துப் பாருங்கள், கொழகொழவென்று நூலாக இழுபடும். அந்தக் கொழகொழப்பு கலக்டோமனான் என்ற நார். வயிற்றுக்குள் போய் இது தண்ணீரை இழுத்து ஊதுகிறது. சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாக இறங்குகிறது. இரைப்பை விரிந்திருக்கும் நேரம் கூடினால், போதும் என்ற செய்தி மூளைக்குப் போகும் நேரமும் கூடும். 2009 இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், பருமனான 18 பேருக்குக் காலைச் சாப்பாட்டோடு 8 கிராம் வெந்தய நார் கொடுத்தபோது, வயிறு நிறைந்த உணர்வு கூடியது, பசி குறைந்தது. 8 கிராம் நார் என்பது ஒரு தேக்கரண்டி வெந்தயத்தில் கிடைக்கும் அளவல்ல. அதனால் வெந்தயத்தை மட்டும் நம்பாமல், முருங்கை இலை வறை, கௌபி, பயறு, தவிடு நீக்காத சிவப்பரிசி எல்லாவற்றையும் சேர்த்து நாரைக் கூட்டுங்கள். தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மலம் இறுகிவிடும். புட்டுக்குப் பாதிக்குப் பாதி குரக்கன் மா கலக்கலாம். கோப்பையில் முதலில் மரக்கறியை வைத்துவிட்டு மிச்ச இடத்தில் சோற்றைப் போடுங்கள்.

ஆரையம்பதி வாசகர்: எனக்குச் சீனி வருத்தம். சிறுகுறிஞ்சா இலையை மென்றால் இனிப்பு ஆசையே போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

ஓரளவு உண்மை. நீங்களே பார்க்கலாம். ஒரு இலையை நன்றாக மென்று, சாற்றை நாக்கு முழுக்கப் படரவிட்டுத் துப்புங்கள். அப்புறம் ஒரு கிள்ளுச் சீனியை நாக்கில் வையுங்கள். மணலை வைத்த மாதிரி இருக்கும், இனிப்பு துளியும் தெரியாது. உப்பை வைத்தால் உப்பாகவே தெரியும். இலையில் இருக்கும் ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரிகளில் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும்.

அந்த நேரத்தில் லட்டு கிடந்தாலும் கை போகாது என்பது சரி. ஆனால் பசி குறைவதில்லை, சோற்றின் அளவும் தானாகக் குறையாது. பின்னேரம் தேத்தண்ணியோடு பிஸ்கட் தேடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்த நேரத்துக்கு முன் ஒரு இலை உதவும். வறையாகச் செய்து சோற்றோடு சாப்பிடுவதும் நல்லது. பொடியாகவோ குளிசையாகவோ நாளாந்தம் எடுப்பதென்றால் கிளினிக்கில் சொல்லாமல் எடுக்காதீர்கள். இன்சுலின் போடுபவருக்கும் கிளிக்லசைட் போன்ற சீனி குறைக்கும் குளிசை எடுப்பவருக்கும் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். கை நடுங்கி வியர்த்தால் உடனே சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும். போடுகிற மருந்தை நிறுத்திவிட்டு இலைக்கு மாறுவது கூடவே கூடாது.

கொக்கட்டிச்சோலை வாசகி: என் வீட்டுக்காரர் விடிய ஒரு பிளேன்டீயோடு வயலுக்குப் போனால் பகல் இரண்டு மணி வரை வெத்திலையிலேயே ஓட்டுகிறார். பசிக்கவில்லை என்கிறார். வெத்திலைக்கு அப்படி ஒரு சக்தி உண்டா?

சக்தி வெத்திலைக்கு இல்லை. பாக்கிலுள்ள அரெகொலின் நரம்புகளைத் தூண்டி உசார் தருகிறது, எச்சிலைக் கூட்டுகிறது. புகையிலையும் சேர்த்தால் நிக்கொட்டின் மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் நரம்பணுக்களையே தொடுகிறது, பசி மங்குகிறது. உடம்புக்கு வேண்டிய சாப்பாடு போய்ச் சேரவில்லை, பசி மட்டும் மறைந்திருக்கிறது. வெயிலில் வரம்பு கட்டுகிற மனிதருக்கு இது பெரிய அநியாயம்.

எனக்குப் பயம் அவருடைய வாயைப் பற்றித்தான். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது. நம் நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். ஒரு நல்ல வெளிச்சத்தில் அவரை வாய் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கிறதா, மூன்று விரல் நிமிர்த்தி நுழைக்க இடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் என்றால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள், நாள் கடத்த வேண்டாம்.

வயலுக்குப் போகும்போது குரக்கன் கஞ்சி ஒரு போத்தலும், அவித்த கௌபியில் கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டு ஒரு பெட்டியிலும் கட்டிக் கொடுங்கள். பத்து மணிக்கு அதைச் சாப்பிட்டால் வெத்திலை கேட்கும் கை பாதியாவது குறையும். முதலில் புகையிலையை விடச் சொல்லுங்கள், அடுத்து பாக்கை. ஒரேயடியாக எல்லாவற்றையும் பறித்தால் சண்டைதான் வரும்.