சலுகையாக இருக்கும்வரை

வணக்கம் ஐயா,

நான் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேனேஜராக இருக்கிறேன். என் குழுவில் ஒன்பது பேர். அவர்களில் நான்கு பேர் புனேயில் இருக்கிறார்கள்; வாடிக்கையாளர் இருப்பது அமெரிக்காவின் டல்லஸில். இந்த மாதத்திலிருந்து வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. தனிப்பட்ட முறையில் நான் அலுவலகக் கட்சி. பெருந்தொற்றுக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் போனதை நேரில் பார்த்தவன். ஆனால், ஆவடியிலிருந்து வரும் ஒரு பெண், எட்டு ஆண்டு அனுபவம் உள்ளவர், மாமியாருக்குப் பக்கவாதம் வந்திருப்பதால் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார். ‘ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்’ என்கிறார் என் மேலதிகாரி. அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற உங்களுக்கு இதில் ஒரு சாய்வு இருக்கும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்: நிறுவனங்கள் இதை அனுமதிக்கத்தான் வேண்டுமா?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

என் சாய்வு நீங்கள் நினைக்கும் பக்கம் இல்லை. நான் வீட்டில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியது ஓய்வுபெற்ற பிறகுதான். அதற்கு முன் முப்பது ஆண்டுகள் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். சேர்ந்த புதிதில், பக்கத்து மேசையில் இருந்த மூத்தவர் ஒருவர், நான் சரிபார்த்து வைத்த வவுச்சர் கட்டிலிருந்து ஒரு பில்லை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூலையில் குண்டூசி குத்திய துளைகள் இரண்டு ஜோடி இருந்தன. ஒரு ஜோடி எங்கள் வவுச்சரோடு பொருந்தியது; இன்னொன்று, அதே பில் இதற்கு முன்பே வேறொரு வவுச்சரோடு குத்தப்பட்டுப் பணம் வாங்கிவிட்டது என்பதற்கான அடையாளம். இதை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. அவரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டும் என்று நினைத்திருக்கமாட்டார். நான் அருகில் இருந்தேன், அவர் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். ஆகவே, புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளாவது மூத்தவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால், அந்த வாதத்தை வைத்துக்கொண்டு எட்டு ஆண்டு அனுபவம் உள்ளவரை ஐந்து நாளும் வரவழைக்க முடியாது. அவரிடமிருந்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், அதற்கு அவரும் புதியவர்களும் ஒரே நாளில் வருவது போதும்.

அவருடைய பயணத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆவடியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்து, திருவான்மியூரில் இறங்கி, மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட பழைய மாமல்லபுரம் சாலையில் பேருந்தில் ஊர்ந்து சிறுசேரி வந்துசேர, எல்லாம் கைகூடிய நாளிலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. போக வர நான்கு. மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் 88 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 11 நாள். சம்பளச் சீட்டில் எங்கும் வராத இந்த 11 நாளைச் செலவழித்து வந்து அவர் என்ன செய்கிறார்? நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே தெரிகிறது: அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புனேயோடும் டல்லஸோடும் பேசுகிறார். ஆவடியில் உட்கார்ந்திருந்தாலும் அதே மீட்டிங், அதே முகங்கள்.

ஆராய்ச்சி முடிவுகளை இரு தரப்பும் வசதிக்கேற்ப எடுத்துச் சொல்வதுண்டு என்பதால் அவற்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூம் தம் சகாக்களோடு சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் 2010-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். விருப்பம் தெரிவித்த ஷாங்காய் கால் சென்டர் ஊழியர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையில் விழுந்தவர்களை ஒன்பது மாதம் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். ஒற்றைப்படைக்காரர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. இந்த எண் மட்டும்தான் எல்லா மேடைகளிலும் ஒலிக்கிறது. ஆனால், வீட்டில் தனி அறை இருந்தவர்களைத்தான் அந்தச் சோதனைக்கே சேர்த்தார்கள். அதே அளவு வேலை செய்தும் அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. சோதனை முடிந்து, இனி உங்கள் விருப்பம் என்று சொன்னபோது, தனிமை தாங்காமல் ஏறத்தாழ பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். அதே நிறுவனத்தில், பொறியாளர்கள் உள்ளிட்ட 1,612 பேரிடம் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வீடு என்று பின்னர் நடத்திய சோதனையின் முடிவு 2024-இல் வெளிவந்தது. வேலைத்திறன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதவி உயர்விலும் வேறுபாடில்லை. வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்தக் குறைவு பெண்களிடமும், நெடுந்தொலைவு பயணம் செய்பவர்களிடமும் கூடுதலாக இருந்தது. உங்கள் மேலதிகாரி லாபக் கணக்குப் பார்ப்பவர் என்றால் அவரிடம் சொல்ல வேண்டியது 13 சதவீதக் கதையை அல்ல, இதைத்தான்.

இருந்தாலும், உங்கள் கேள்வியில் எனக்கு நெருடுவது ‘அனுமதி’ என்ற சொல். அனுமதி என்பது கொடுப்பவர் மனது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2020-இல் டிசிஎஸ் நிறுவனம், 2025-க்குள் தன் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் அலுவலகத்தில் இருந்தாலே போதும் என்று அறிவித்தது. 2023 அக்டோபரில் அதே நிறுவனம் வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. நிறுவனத்தின் கணக்கு மாறியிருக்கலாம், அதற்குக் காரணங்களும் இருக்கலாம். அதில் நான் குறை காணவில்லை. ஆனால், இப்படிப்பட்ட அறிவிப்புகளை நம்பி வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குப் போய், பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் சேர்த்தவர்கள் எத்தனையோ பேர். எங்கள் உறவுக்குள்ளேயே ஒரு குடும்பம் அப்படிக் கும்பகோணத்துக்குப் போய், மறு ஆண்டே துரைப்பாக்கத்தில் இரண்டு மடங்கு அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடித்தது. அவர்கள் கையில் இருந்தது ஒரு மின்னஞ்சல் மட்டுமே. பணி நியமனக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நம் சட்டமும் இந்த இடத்தில் அரைகுறையாகத்தான் இருக்கிறது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், வேலையின் தன்மை இடம்கொடுத்தால், விடுப்பு முடிந்த பெண்ணை வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனம் அனுமதிக்கலாம் என்றது. வேலையின் தன்மையை அளவுகோலாக வைத்தது மிகச் சரி. ‘லாம்’ என்று முடித்ததில்தான் எல்லாம் கரைந்துபோகிறது.

வீட்டை நான் சொர்க்கமாகவும் காட்டப் போவதில்லை. 2021-இல் எங்கள் எதிர் ஃபிளாட்டில், இரண்டு அறையில் ஐந்து பேர் இருந்த வீட்டில், அந்த வீட்டுப் பெண் பால்கனியில் வாஷிங் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். மீட்டிங்கில் அவள் பேச வாயெடுத்தால் உள்ளே கையைக் காட்டுவாள்; அவள் அம்மா ஓடிப் போய்க் குக்கர் அடுப்பை அணைப்பார். அப்படியும், ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்று தொடங்கும் வேலைகள் நாள் முழுவதும் அவள் தலையில் விழுந்தன. சிலிண்டர்காரருக்குக் கதவு திறப்பதிலிருந்து மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது வரைக்கும் எல்லாம் அவள்தான். அலுவலகம் திறந்த முதல் நாளே அவள் கிளம்பிப் போனதைப் பார்த்தவன் என்ற முறையில், இதை யார்மீதும் திணிக்கக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன். இடத்தை மிச்சம் பிடிக்க மேசைகளைக் குறைத்துவிட்டு ‘வீட்டிலேயே இருங்கள்’ என்று சொல்லும் நிறுவனமும், வருகையைக் காட்டி ஊக்கத்தொகையைப் பிடிக்கும் நிறுவனமும் எனக்கு ஒன்றுதான்.

இனி உங்கள் மேலதிகாரி சொன்னதற்கு வருகிறேன். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்பது உண்மை. கேட்கட்டுமே. கேட்பவரின் குடும்பக் கஷ்டத்தைத் தராசில் வைத்துப் பார்ப்பதாக இருந்தால்தான் அது தலைவலி: பக்கவாதம் வந்த மாமியாருக்கு மூன்று நாள் என்றால், கைக்குழந்தைக்கு எத்தனை நாள், முதுகுவலிக்கு எத்தனை நாள்? அந்த நீதிபதி நாற்காலியில் நீங்கள் உட்காரவே வேண்டாம். உங்கள் குழுவின் வேலைகளை வரிசையாக எழுதுங்கள். எந்த வேலைக்கு எதிரெதிரே உட்கார வேண்டும், எதற்கு வேண்டாம், புதியவர்களோடு மூத்தவர்கள் இருக்க வேண்டிய நாட்கள் எவை என்று பிரித்து, எல்லோரும் சேர்ந்து வரும் இரண்டு நாளையோ மூன்று நாளையோ உறுதி செய்து, மற்ற நாட்களை வேலையைச் செய்பவரின் முடிவுக்கு விட்டுவிடும்படி நிர்வாகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் அதைப் பணி நிபந்தனையாகவே எழுதி வாங்குங்கள்; மாற்றுவதானால் மூன்று மாதம் முன்னறிவிப்பு என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்றுமதி நிறுவனங்களுக்கு வரிச்சலுகை தரும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் உங்கள் வளாகம் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வீட்டிலிருந்து வேலை செய்வதற்குத் தனி விதிகள் உண்டு, 2022-இல்தான் அவற்றை முறையாகச் சேர்த்தார்கள். சில நேரம் நிர்வாகம் ‘முடியாது’ என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது அந்த வரிச்சலுகைக் கணக்குதான்.

அந்த ஆவடிப் பெண்ணின் விண்ணப்பத்தை அப்படியே மேலே அனுப்பிவிடாதீர்கள். அவரைக் கூப்பிட்டு, மாமியாரின் உடல்நிலையைப் பற்றி எழுதியிருக்கும் பத்தியை எடுத்துவிட்டு, கடந்த ஆறு மாதத்தில் அவர் முடித்த வேலைகளில் எவையெவை அலுவலகத்தில் இல்லாமலே முடிந்திருக்கும் என்று வாரவாரியாக எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலின் கீழே, சரிபார்த்தேன் என்று நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்.